வான்வழிப் படப்பிடிப்புக்கான பல்சுழலி ட்ரோன்: கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

பல்சுழலி ட்ரோன் என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுழலிகளின் உந்துவிசையால் செங்குத்தாக மேலெழுந்து, ஓரிடத்தில் அசையாமல் நிற்கக்கூடிய ஆளில்லா வானூர்தி ஆகும். நிலைத்த இறக்கை கொண்ட வானூர்தி பறந்துகொண்டே இருக்க வேண்டும். பல்சுழலியோ வானில் ஒரு முக்காலியைப் போல நிற்கும். ஒளிப்படக் கலைஞர்களும் காணொளிக் கலைஞர்களும் இதை விரும்புவதற்கு இந்த இயல்பே காரணம். 2013-இல் டிஜேஐ நிறுவனம் ஃபாண்டம் என்ற நான்கு சுழலி ட்ரோனை வெளியிட்ட பிறகு, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கவிடக்கூடிய கருவிகள் பரவலாயின. இன்று சென்னையின் மேற்குப் புறநகரில் திருமணம், வீட்டுமனை விளம்பரம், தொழிற்சாலை ஆவணப்படம் என்று எந்த வேலைக்குச் சென்றாலும் "ட்ரோன் ஷாட் உண்டா?" என்ற கேள்வி வருகிறது.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கேமராவின் மெகாபிக்சலிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தியாவில் இது தலைகீழான வரிசை. எங்கே பறக்கப் போகிறது, எந்த எடை வகுப்பில் வருகிறது, என்ன வேலைக்கு என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் கேமராவுக்கு வர வேண்டும். முதல் இரண்டையும் விட்டுவிட்டால், கடன் வாங்கி வாங்கிய கருவி பெட்டியிலேயே கிடக்க நேரிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இந்தத் தேர்வை விளக்குகிறது.

முதலில் வான்பரப்பு

இந்தியாவில் ட்ரோன் பறத்தலை 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் நெறிப்படுத்துகின்றன. இவ்விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி (சுமார் 120 மீட்டர்) உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் பகுதியில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. எந்த இடம் எந்த நிறம் என்பதைக் காட்டும் வரைபடம் டிஜிட்டல் ஸ்கை இணையத்தளத்தில் உள்ளது.

விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்தில் பச்சைப் பகுதியின் உயரம் 200 அடியாகக் (சுமார் 60 மீட்டர்) குறைகிறது. அதற்கு மேல் மஞ்சள். 8 கிலோமீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் தரையிலிருந்தே அனுமதி தேவைப்படும்.

பூந்தமல்லி, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே அதன் பெரும்பகுதிக்கு இந்த 200 அடிக் கணக்கே பொருந்தும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே வானகரம், மதுரவாயல் பக்கம் வரும்போது விமான நிலையம் நெருங்கிவிடுகிறது. ஒரே சாலையில் உள்ள இரண்டு கல்யாண மண்டபங்களுக்கு இருவேறு விதி பொருந்தக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம். அம்பத்தூர் இன்னும் வடக்கே, 12 கிலோமீட்டர் எல்லையை ஒட்டி இருக்கிறது.

தொலைவை மட்டும் பார்த்தால் மூன்றில் எளிதான ஊர் ஆவடி என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. இந்திய விமானப்படை நிலையம், கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், படைத்துறை உடைத் தொழிற்சாலை ஆகியவை ஆவடியில்தான் உள்ளன. பாதுகாப்பு நிறுவனங்களைச் சுற்றியுள்ள வான்பரப்பு தடைசெய்யப்பட்டது. அங்கே தவறுதலாகப் பறந்தாலும் அது சிறிய பிழையாகக் கருதப்படாது. ஆகவே ஆவடியில் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்பு வரைபடத்தில் அந்த முகவரியையே தேடிப் பார்க்க வேண்டும். போன வாரம் பச்சையாக இருந்த இடமும் இந்த வாரம் மாறியிருக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் காவல்துறை தற்காலிகத் தடைப் பகுதியை அறிவிக்க விதிகளில் இடமுண்டு.

60 மீட்டர் போதுமா?

200 அடி வரம்பைக் கேட்டதும் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். ஒரு சிறு கணக்கு அந்த ஏமாற்றத்தைப் போக்கும். பெரும்பாலான ட்ரோன் கேமராக்களின் பார்வைப் பரப்பு 24 மில்லிமீட்டர் லென்சுக்குச் சமமானது. அத்தகைய லென்ஸ் நேர் கீழே பார்க்கும்போது, பறக்கும் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தைப் பிடிக்கும். 60 மீட்டர் உயரத்தில் அது 90 மீட்டர். ஒரு பெரிய மண்டபமும் அதன் வாகன நிறுத்துமிடமும் அதற்குள் அடங்கிவிடும். 4கே காணொளியின் அகலம் 3,840 படப்புள்ளிகள். எனவே ஒவ்வொரு புள்ளியும் தரையில் சுமார் 2.3 சென்டிமீட்டரைக் குறிக்கும்.  திருமணம், கட்டடம் ஆகிய இரண்டுக்குமே அழகான காட்சிகள் பெரும்பாலும் 10 முதல் 40 மீட்டர் உயரத்தில்தான் கிடைக்கின்றன. அதிக உயரம் செல்லும் திறனுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

எடை வகுப்பு

ட்ரோன்களை மொத்த எடையைக் கொண்டு விதிகள் வகைப்படுத்துகின்றன. கேமராவும் பேட்டரியும் கூட்டிப் பொருத்திய எல்லாமும் இந்த எடையில் சேரும்.

• நானோ: 250 கிராம் வரை
• மைக்ரோ: 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை
• சிறியது: 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை

இதற்கு மேல் நடுத்தரம், பெரியது என்ற வகுப்புகளும் உண்டு. படப்பிடிப்புக்கு அவை தேவைப்படுவதில்லை.

நானோ வகுப்புக்கு வகைச் சான்றிதழ், இயக்குபவர் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு ஆகிய மூன்றிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் வான்பரப்பு நிறங்கள் நானோவுக்கும் பொருந்தும். மைக்ரோ வகுப்பில் வணிக நோக்கமின்றிப் பறக்க இயக்குபவர் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு ஒரு திருமணத்தைப் படமெடுத்தால் அது வணிக நோக்கம். அப்போது பதிவு எண், வகைச் சான்றிதழ், இயக்குபவர் சான்றிதழ், காப்பீடு எல்லாம் வேண்டும். சான்றிதழ் பெற 18 முதல் 65 வயதுக்குள் இருப்பதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சியும் தேவை. விதிமீறலுக்கான தண்டத்தொகை ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

டிஜேஐ மினி வரிசை ட்ரோன்கள் பலவற்றின் எடை சரியாக 249 கிராம் என்று இருப்பதற்குப் பல நாடுகளில் உள்ள இந்த 250 கிராம் எல்லையே காரணம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 249 கிராம் ட்ரோனில் சுழலிப் பாதுகாப்பு வளையத்தையோ நீண்ட நேரம் தாங்கும் பெரிய பேட்டரியையோ பொருத்தினால் எடை 250 கிராமைத் தாண்டி, கருவி மைக்ரோ வகுப்புக்குப் போய்விடும். கூட்டத்தின் அருகே பறக்கும்போது பாதுகாப்பு வளையம் நல்லதுதான். ஆனால் அதைப் பொருத்திய பின் அது நானோ அல்ல. துணைக்கருவி வாங்கும்முன் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

2022 இறக்குமதித் தடை

2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வணிக இயக்குநரகம் முழுமையான ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே கோர்ப்பதற்கான தொகுப்புகளும் தடைக்குள் அடங்கும். ஆராய்ச்சி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மோட்டார், சுழலி, மின்சுற்று போன்ற உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை.

இணையத்தில் உள்ள பெரும்பாலான தேர்வு வழிகாட்டிகள் அமெரிக்க, ஐரோப்பிய வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. அவை பரிந்துரைக்கும் கருவியை இங்கே முறையாக இறக்குமதி செய்ய முடியாது. உறவினர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பையில் கொண்டுவந்தாலும் அது இறக்குமதியே. சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். ரசீது இல்லாமல் கைமாறும் கருவியின் விலை குறைவாக இருக்கும். ஆனால் அதற்குப் பழுது பார்க்கும் வசதியோ, காப்பீடோ, சட்டப்படி வணிகம் செய்யும் வழியோ இருக்காது. உள்நாட்டு நிறுவனங்களும் படிப்படியாக இத்துறைக்கு வருகின்றன. சென்னையைச் சேர்ந்த கருடா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 2022-இல் த்ரோணி என்ற பெயரில் கேமரா ட்ரோன் ஒன்றை அறிமுகப்படுத்தியது.

சுழலிகளின் எண்ணிக்கை

நான்கு சுழலி எளிமையானது, மலிவானது, மடிக்கக்கூடியது. குறை ஒன்றுதான்: ஒரு மோட்டார் நின்றால் ட்ரோன் கட்டுப்பாட்டை இழந்து விழும். ஆறு சுழலியில் ஒன்று நின்றாலும் தடுமாறியபடி தரையிறங்க வாய்ப்புண்டு. எட்டு சுழலியில் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் ஒவ்வொரு கூடுதல் மோட்டாரும் எடையையும் பேட்டரிச் செலவையும் கூட்டும்.

ஒன்றிரண்டு கிலோவுக்கு உட்பட்ட கேமரா ட்ரோனுக்கு நான்கு சுழலி போதும். தனியான மிரர்லெஸ் கேமராவைத் தூக்க வேண்டும் என்றால்தான் ஆறு அல்லது எட்டு தேவை. மொத்த உந்துவிசை எடையைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. கேமராவோடு 4 கிலோ எடையுள்ள ட்ரோனுக்கு 8 கிலோ உந்துவிசை வேண்டும். ஆறு மோட்டார்கள் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 1.35 கிலோ தர வேண்டும்.

கேமரா

மெகாபிக்சலை விட சென்சாரின் பரப்பளவு முக்கியம். சிறிய ட்ரோன்களில் உள்ள 1/2.3 அங்குல வகை சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 1 அங்குல வகைக்கு அது சுமார் 116, ஃபோர் தேர்ட்ஸ் வகைக்குச் சுமார் 225. முதலாவதைப் போல இரண்டாவது நான்கு மடங்கு, மூன்றாவது எட்டு மடங்கு. பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு அதிகம் தெரியாது. மாலை வரவேற்பின் விளக்கொளியிலோ, அந்தி நேரத்து ஏரியிலோ சிறிய சென்சாரின் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

டிஜேஐ ட்ரோன்களையே அளவுகோலாகக் கொண்டால், 2020-இல் வந்த மினி 2 முதல் வகையையும், 2021-இல் வந்த ஏர் 2எஸ் இரண்டாம் வகையையும், அதே ஆண்டு வந்த மேவிக் 3 மூன்றாம் வகையையும் சேர்ந்தவை. எடைகள் முறையே 249, 595, 895 கிராம். சென்சார் பெரிதாகும்போது எடை வகுப்பும் மாறுவதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது நிற ஆழம். 8-பிட் காணொளி ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளையும், 10-பிட் 1,024 படிநிலைகளையும் பதிவு செய்யும். அரக்குச் சிவப்புக் கூறைப் புடவை, சரிகை, வெளிறிய வானம் ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் வரும்போது, பின்னர் நிறம் திருத்துவதற்கு 10-பிட் நிறைய இடம் தரும். எடுத்ததை அப்படியே கொடுத்துவிடுபவருக்கு அது தேவையில்லை.

நினைவட்டையையும் கணக்கில் கொள்ள வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் காணொளி நிமிடத்துக்கு 750 மெகாபைட் எடுக்கும். 20 நிமிடப் பறத்தலுக்கு 15 ஜிபி. வி30 என்ற குறி உள்ள அட்டை இந்த வேகத்துக்குப் போதும்.

கிம்பலும் வடிகட்டியும்

கேமராவை மோட்டார்களால் சமநிலையில் வைக்கும் தாங்கியே கிம்பல். ட்ரோன் காற்றில் சாய்ந்தாலும் படம் சாயாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். மலிவான ட்ரோன்கள் சில, மின்னணு முறையில் மட்டுமே அசைவைச் சரிசெய்கின்றன. அவை படத்தின் ஓரங்களை வெட்டிவிடும், அதிர்வையும் முழுதாக நீக்காது. தொழிலுக்கு வாங்குபவர் மூன்று அச்சு கிம்பல் இல்லாத கருவியை ஒதுக்கிவிடலாம். கேமராவில் சமரசம் செய்துகொள்ளலாம்; கிம்பலில் கூடாது.

அசைவு இயல்பாகத் தெரிய, ஷட்டர் நேரம் நொடிக்கு எடுக்கும் சட்டங்களின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கின் தலைகீழாக இருக்க வேண்டும். நொடிக்கு 25 சட்டங்கள் என்றால் 1/50 நொடி. சென்னை உச்சிவெயிலில் எஃப்/2.8 துளையும் ஐஎஸ்ஓ 100-ம் உள்ள கேமரா சுமார் 1/3200 நொடியைக் கேட்கும். இது 64 மடங்கு வேறுபாடு. லென்சின் முன்னே என்டி64 என்ற கருமை வடிகட்டியைப் பொருத்தினால் கணக்கு நேராகும். காலை, மாலை வெளிச்சத்துக்கு என்டி8, என்டி16 போதும். குறைந்த செலவில் காணொளியின் தரத்தை உயர்த்தும் துணைக்கருவி இதுவே. வடிகட்டியின் எடையும் 249 கிராம் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

பேட்டரி

31 நிமிடம் பறக்கும் என்று விளம்பரம் சொன்னால், அது காற்றில்லாத இடத்தில் பேட்டரி தீரும் வரை பறந்த கணக்கு. 30 விழுக்காடு மீதம் இருக்கும்போது இறக்கிவிட வேண்டும் என்ற பாதுகாப்பு விதியோடு பார்த்தால் பயன்படும் நேரம் சுமார் 20 நிமிடம். ஒரு காலை முகூர்த்தத்துக்கு மூன்று பேட்டரிகள் தேவை. விலை கேட்கும்போது ட்ரோனின் விலையை மட்டும் கேட்காமல், மூன்று பேட்டரிகளோடு சேர்த்துக் கேட்பதே சரியான ஒப்பீடு.

லித்தியம் பேட்டரியை முழுதாக மின்னேற்றி வாரக்கணக்கில் வைத்தால் உப்பிவிடும். பயன்படுத்தாத நாட்களில் பாதி அளவு மின்னேற்றத்தில் வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை ஒருமுறைகூடப் பறக்கவிடக் கூடாது. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் விட்டுச் செல்வதும் ஆபத்து.

காற்று, வெயில், கம்பி

புறநகரில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று புகும்போது காற்றின் திசை திடீரென மாறும். நானோ ட்ரோன்கள் சுமார் 10 மீட்டர்/நொடி (மணிக்கு 36 கிலோமீட்டர்) வரை தாங்கும். மேவிக் 3 போன்றவை 12 மீட்டர்/நொடி வரை தாங்கும். காற்றை எதிர்த்துத் திரும்பும்போது பேட்டரி இரட்டிப்பு வேகத்தில் குறையலாம். எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பி வர வேண்டும். பல கேமரா ட்ரோன்களுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் உச்ச வெப்பநிலை 40 பாகை செல்சியஸ். அக்னி நட்சத்திர நாட்களில் சென்னை இதைத் தாண்டுகிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலையிலும் பறப்பது ஒளிக்கும் நல்லது, கருவிக்கும் நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாதாரண கேமரா ட்ரோன்களுக்கு மழைப் பாதுகாப்பு கிடையாது என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்னொரு சிக்கல் உண்டு. இரும்புக் கூரைகளும் மின்கம்பிகளும் ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். தகரக் கூரையின் மேலிருந்தோ, இரும்புக் கம்பி நிறைந்த மொட்டைமாடியிலிருந்தோ கிளப்பாமல், திறந்த மண் தரையிலிருந்து கிளப்ப வேண்டும். அலைவரிசை நெரிசலும் அங்கே அதிகம். 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் தானாக மாறிக்கொள்ளும் ரிமோட் உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வேலைக்கேற்ற தேர்வு

திருமணம்: கூட்டம் இருக்கும் இடம். சிறிய, இலேசான கருவியே பொருத்தம். நானோ வகுப்பில் மூன்று அச்சு கிம்பலும் தடை உணரிகளும் உள்ளது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. மக்களின் தலைக்கு மேல் நேராகப் பறக்காமல் ஓரத்திலிருந்து சாய்வாக எடுக்க வேண்டும்.

தொழிற்சாலை, கட்டுமானம்: நேர்கோடுகள் வளையாத லென்சும், ஒரே பாதையில் மாதந்தோறும் திரும்பப் பறக்கும் வழித்தட நிரலும் முக்கியம். 1 அங்குல சென்சார் ஏற்றது. இது மைக்ரோ வகுப்பு. சான்றிதழ்களும் காப்பீடும் இல்லாமல் இந்த வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஏரி, இயற்கை: பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர், செம்பரம்பாக்கம் ஏரிகளில் அந்தி ஒளி, பறவைகள், காற்று ஆகிய மூன்றையும் எதிர்கொள்ள வேண்டும். பெரிய சென்சாரும் காற்றைத் தாங்கும் எடையும் உதவும். பருந்து வட்டமிட்டால் உடனே இறக்கிவிட வேண்டும். கீழ்நோக்கிய உணரிகள் நீர்ப்பரப்பில் ஏமாறும் என்பதால் தண்ணீருக்கு மிக அருகே பறக்கக் கூடாது.

கோயில்: திருவேற்காடு, மாங்காடு, திருமுல்லைவாயில் போன்ற கோயில்களில் வான்பரப்பு அனுமதியோடு கோயில் நிர்வாகத்தின் அனுமதியும் தேவை.

தானே கோர்த்தல்

பாகங்களுக்குத் தடையில்லாததால், மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று, பறத்தல் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றை வாங்கித் தாமே கோர்க்கும் மாணவர்களும் உண்டு. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளும் ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருளும் இதற்குத் துணை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் அண்ணா பல்கலைக்கழக மாணவர்களின் தக்‌ஷா அணி, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் தானே கோர்த்த ட்ரோனை 250 கிராமுக்கு மேல் வணிகப் படப்பிடிப்புக்குப் பயன்படுத்த, வகைச் சான்றிதழ் என்ற தடையைத் தாண்ட வேண்டும். கற்க ஒன்று, சம்பாதிக்க வேறொன்று என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை.

வாங்கும் முன் சரிபார்க்க

1. வழக்கமாகப் படமெடுக்கும் ஐந்து இடங்களை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து, நிறத்தையும் உயர வரம்பையும் குறித்துக்கொள்ளவும்.
2. பணத்துக்கா, பொழுதுபோக்குக்கா என்று முடிவு செய்து எடை வகுப்பைத் தேர்ந்தெடுக்கவும்.
3. ஜிஎஸ்டி ரசீது, பதிவு எண், தொடர் எண் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவும்.
4. பழைய கருவி என்றால் பேட்டரியின் மின்னேற்றச் சுழற்சி எண்ணிக்கையையும், கைகளில் விரிசலையும், கிம்பலின் அதிர்வையும் சோதிக்கவும்.
5. மூன்று பேட்டரி, வடிகட்டி, நினைவட்டை, காப்பீடு, பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி மொத்தச் செலவைக் கணக்கிடவும்.
6. அந்தத் தொகையை ஆண்டுக்கு எதிர்பார்க்கும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுக்கவும். ஆண்டுக்குச் சில வேலைகள் மட்டுமே வரும் என்றால், சான்றிதழ் பெற்ற ஓர் இயக்குபவரை அன்றன்றைக்கு அமர்த்திக்கொள்வது மலிவு.